துணை பிரிந்த முதுமை

விவாகத்தைப் பற்றி எழுதப்படும் நூல்கள் பெரும்பாலும் மணவறையில் தொடங்கி, மிஞ்சிப்போனால் பிள்ளை வளர்ப்போடு நின்றுவிடுகின்றன. நாற்பது ஐம்பது வருஷங்கள் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்த தம்பதியரில் ஒருவர் முந்திக்கொள்ள, மற்றவர் மிஞ்சி நிற்கும் காலத்துக்கு வழி சொல்லுவார் அநேகமாக இல்லை. ஆயினும் நன்றாக நடந்த எந்தத் தாம்பத்தியத்துக்கும் இயற்கை விதித்திருக்கும் முடிவு அதுதான். மணமகனுக்கு மணமகளைவிட வயது கூடியிருக்க வேண்டும் என்ற நம் சம்பிரதாயமும், ஆணைவிடப் பெண்ணுக்கு ஆயுள் நீளம் என்ற இயற்கையின் போக்கும் ஒன்றுசேர்ந்து, மிஞ்சி நிற்பவள் பெரும்பாலும் மனைவியே என்ற நிலையை உண்டாக்கியிருக்கின்றன. 2011-ஆம் வருஷத்து மக்கள்தொகைக் கணக்கின்படி, 60 வயதைக் கடந்தவர்களின் விகிதம் இந்தியாவிலேயே கேரளத்தில்தான் அதிகம்; நூற்றுக்கு 12.6 பேர். தமிழ்நாட்டில் 10.4 பேர். ஆகையால் இந்த அத்தியாயத்தில் சொல்லப்படுவது யாரோ சிலருடைய கதையன்று. மேற்குத் தொடர்ச்சி மலைக்கு இந்தப் பக்கத்திலும் அந்தப் பக்கத்திலும் வீட்டுக்கு வீடு வரப்போகிற காலத்தைப் பற்றியது.

துணையை இழந்த முதியவருக்கு உற்றார் செய்யக்கூடிய பேருபகாரம், அவருடைய வீட்டையும் தொழிலையும் தீர்மானங்களையும் அவர் கையிலேயே விட்டுவைப்பதுதான் என்பது, பல குடும்பங்களைப் பார்த்து நான் தெளிந்த முடிவு. அன்பின் பேரால் இந்த மூன்றையும் பறித்துக்கொண்டு, மூன்று வேளைச் சாப்பாட்டையும் ஒரு மூலைக் கட்டிலையும் கொடுத்துவிட்டுக் கடமை முடிந்ததாக நினைக்கும் பிள்ளைகள் கெட்டவர்கள் அல்லர், விஷயம் தெரியாதவர்கள்.

ஓர் உதாரணம் பார்ப்போம். திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாகப் பொன்முடிக்குச் செல்லுகிறவர்கள், மலைப்பாதையின் 22 கொண்டை ஊசி வளைவுகள் தொடங்குவதற்கு முன்னால் கல்லாறு என்ற சிற்றூரைக் கடக்கிறார்கள். ஊரின் பெயரையே தாங்கிய ஆறு உருண்டைக் கற்களின்மேல் புரண்டு ஓடி, வாமனபுரம் ஆற்றோடு சேருகிறது. உல்லாசப் பயணிகள் ஆற்றில் கால் நனைத்துவிட்டு மேலே போய்விடுகிறார்கள். அந்தப் பாதையை விட்டு உள்ளே, காட்டுக்குள், காணி இனத்தாரின் குடியிருப்பில் வாழ்பவர் லக்ஷ்மிக்குட்டி அம்மை. எட்டாம் வகுப்பு வரை படித்தவர். பாம்புக்கடிக்கும் விஷப்பூச்சிக் கடிக்கும் பச்சிலை வைத்தியம் செய்பவர். சுமார் 500 மருந்துகளின் பக்குவத்தை ஏட்டில் எழுதாமல் நினைவிலேயே வைத்திருப்பவர். பேறுகால மருத்துவம் பார்த்த தாயாரிடமிருந்து வந்த வித்தை அது. 1995-இல் கேரள அரசு அவருக்கு நாட்டு வைத்திய ரத்தினம் என்ற பட்டத்தை அளித்தது. ஒரு மகனைக் காட்டு யானைக்குப் பறிகொடுத்த அந்த அம்மையார், பதினாறு வயதிலிருந்து தமக்குத் துணையாயிருந்த கணவர் மாத்தன் காணியை 2016-இல் இழந்தார். 2018-இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கிற்று.

இந்த வருஷங்களை நான் வரிசைப்படுத்திச் சொன்னதற்குக் காரணம் உண்டு. அவர் நெஞ்சத்துத் துயரம் எத்தகையது என்பதைச் சொல்ல நமக்கு உரிமையில்லை. வெளிக்குத் தெரிவது இவ்வளவுதான்: கணவர் போன பின்னும் அவர் காட்டை விட்டுப் போகவில்லை, ஓலை வேய்ந்த அந்தக் குடில் அவருடைய இருப்பிடமாகவே இருந்தது, மருந்து தேடி வருகிறவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். விஷம் தீண்டியவனைத் தூக்கிக்கொண்டு ஓடிவருகிறவர்கள், வைத்தியம் செய்கிற கை விதவையின் கையா சுமங்கலியின் கையா என்று பார்ப்பதில்லை. தாம் இன்னும் தேவைப்படுகிறோம் என்ற உணர்ச்சி ஒருவருக்கு இருக்கும்வரையில் அவருடைய தனிமைக்கு ஓர் எல்லை உண்டு. அந்த உணர்ச்சியை யாரும் வார்த்தையால் தந்துவிட முடியாது. வேலையால்தான் தர முடியும்.

எல்லாருக்கும் அத்தகைய வித்தை வாய்ப்பதில்லை என்று வாசகர் சொல்லலாம். வித்தை பெரிதாக இருக்க வேண்டிய அவசியமில்லை. நான்கு கோழிகளும், ஒரு மிளகுக்கொடியும், அண்டை வீட்டுக் குழந்தைகளைப் பள்ளிக்கூட வண்டி வரும்வரை பார்த்துக்கொள்ளும் பொறுப்பும் போதும். கேரளத்தில் 1998-இல் தொடங்கிய குடும்பஸ்ரீ என்ற மகளிர் சுயஉதவி இயக்கத்தின் அயல்கூட்டங்களில் வாராவாரம் போய் உட்காரும் கிழவிகளைப் பாருங்கள். சேமிப்புப் பணம் பத்து இருபது ரூபாயாக இருக்கலாம், ஆனால் அந்தப் பதிவேட்டில் தம் பெயருக்கு நேரே கையெழுத்திடும்போது அவர்கள் முகத்தில் தோன்றும் கம்பீரத்துக்கு விலை கிடையாது.

இதற்கு நேர்மாறாக நடப்பதே வழக்கம். சடங்குகள் முடிந்த மறுநாள், பட்டணத்து மகன் தாயின் துணிகளைப் பெட்டியில் அடுக்கி, கோழிகளை யாருக்கோ கொடுத்து, வீட்டைப் பூட்டிச் சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டு, “இங்கே தனியாக எதற்கு அம்மா?” என்று சொல்லி அழைத்துப் போகிறான். நான்காவது மாடியில் ஓர் அறை. காலையில் மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விட்டால் மாலை வரையில் பேச்சுத்துணை தொலைக்காட்சிப் பெட்டிதான். ரேஷன் கடைக்காரன் முதல் கோயில் வாரஸ்யார் வரையில் பெயர் சொல்லிக் கூப்பிட்ட ஊரை விட்டு வந்தவள், கணவனை இழந்த அதே மாதத்தில் தன்னையும் இழந்துவிடுகிறாள். ஆகையால், உடல்நிலை கட்டாயப்படுத்தினாலன்றி, முதல் ஒரு வருஷத்துக்கு இருப்பிடத்தை மாற்றாதீர்கள். பகலில் வந்து போக ஒரு துணையை ஏற்படுத்துங்கள். இரவில் ஒரு தொலைபேசி அழைப்பை நியமமாக்குங்கள். மாதத்தில் ஒரு முறை நீங்கள் அங்கே போய்த் தங்குங்கள். வருஷம் கழிந்த பின் அவரே வருவதாகச் சொன்னால், வீட்டை விற்காமல் அழைத்து வாருங்கள்.

தென் கேரளமாகிய வேணாட்டு மண்ணில் ஒரு காலத்தில் இந்தப் பிரச்சினையே எழாத குடும்ப ஏற்பாடு ஒன்று இருந்தது. தாய்வழியில் சொத்துரிமை செல்லும் மருமக்கத்தாயக் குடும்பங்களில் பெண் தன் பிறந்த வீடாகிய தறவாட்டை விட்டுப் புகுந்த வீடு போவதில்லை. ஆகவே கணவன் இறந்தால் அவளுக்குத் துக்கம் உண்டே தவிர, சோற்றுக்கும் கூரைக்கும் யார் முகத்தையும் பார்க்க வேண்டிய நிலை இல்லை. 1925-இன் திருவிதாங்கூர் நாயர் சட்டமும், 1976-இல் அமலுக்கு வந்த கூட்டுக்குடும்ப ஒழிப்புச் சட்டமும் அந்த அமைப்பை முடித்துவைத்தன. அந்தப் பழைய ஏற்பாட்டில் குறைகள் பல இருந்தன. அதைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. விதவையின் நிம்மதி அவள் நிற்கும் தரை யாருடையது என்பதைப் பொறுத்தது என்ற ஒரு பாடத்தை மட்டும் அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

தமிழ் வீடுகளில் நிலைமை வேறு. பொட்டழித்து, பூவெடுத்து, வளையுடைக்கும் சடங்கு பல ஊர்களில் இன்றும் நடக்கிறது. எழுபது வயதுக் கிழவிக்கும் விலக்கில்லை. பேத்தியின் கலியாணத்தில் ஆசீர்வாதம் செய்ய முதலில் வரவேண்டிய பாட்டி, பந்திக்கூடத்தின் பின்வரிசையில் ஒதுங்கி உட்காருகிறாள். இதைவிடக் கொடிய தனிமையை வேறெந்த முதுமையும் அனுபவிப்பதில்லை. ஏனெனில் இது உற்றாரே கூடி நின்று விதிக்கும் தனிமை. மகாராஷ்டிரத்தில் கோலாப்பூர் ஜில்லாவைச் சேர்ந்த ஹேர்வாட் என்ற கிராமத்தின் பஞ்சாயத்து, 2022 மே மாதத்தில் இந்தச் சடங்குகளைத் தன் எல்லைக்குள் நிறுத்தத் தீர்மானம் போட்டது. 2023 ஆகஸ்டில், ஈரோடு மாவட்டத்தில் கோயில் திருவிழாவுக்குப் போகக்கூடாதென்று தடுக்கப்பட்ட ஒரு விதவையின் வழக்கில், சட்டத்தின் ஆட்சி நடக்கும் நாட்டில் இத்தகைய தடைக்கு இடமில்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் கூறிற்று. நீதிமன்றம் கோயில் வாசலைத் திறக்கலாம். கலியாண மண்டபத்தில் அந்த அம்மாளைக் கைப்பிடித்து முன்வரிசைக்கு அழைத்து வரவேண்டியவன் அவள் பெற்ற மகன். அவன் அதை ஒரு முறை செய்துவிட்டால், அடுத்த கலியாணத்தில் யாரும் வாய் திறப்பதில்லை.

மனைவியை இழந்த ஆடவர்களைப் பற்றிச் சமூகம் மிகக் குறைவாகவே கவலைப்படுகிறது. உண்மையில் அவர்களுக்கே ஆபத்து அதிகம். இங்கிலாந்தில் 55 வயதைக் கடந்த 4,486 மனைவியிழந்தவர்களைத் தொடர்ந்து கவனித்த பார்க்ஸ் முதலிய ஆராய்ச்சியாளர்கள் 1969-இல் வெளியிட்ட முடிவு, முதல் ஆறு மாதத்துக்குள் அவர்களிடையே நேர்ந்த மரணம், அதே வயதுடைய மணமானவர்களுக்கு எதிர்பார்க்கப்படுவதைவிட நூற்றுக்கு நாற்பது அதிகம் என்பது. அந்த அதிகரிப்பில் பெரும்பகுதி இருதய நோயால். காரணத்தைத் தேடி வெகுதூரம் போக வேண்டாம். ரத்த அழுத்த மாத்திரை காலையா இரவா என்பதை அறிந்தவள் அவள். உப்பைக் குறைத்தவள் அவள். ஊராரோடும் உறவினரோடும் பேச்சுவார்த்தையைக் காத்துவந்தவளும் அவளே. அவள் போனபின் அடுக்களைக்குள் நுழையும் கிழவர், எந்த டப்பாவில் சர்க்கரை, எதில் ரவை என்று தெரியாமல் ஒவ்வொன்றாகத் திறந்து மூடிவிட்டு, வெறும் தேநீரோடு காலை ஆகாரத்தை முடித்துக்கொள்ளுகிறார். அழுவதற்கும் அவருக்கு அனுமதியில்லை, ஆண்பிள்ளை என்கிறார்கள். அறுபது வயதான ஒவ்வோர் ஆடவரும், மனைவி திடகாத்திரமாக இருக்கும்போதே, சோறு வடிக்கவும், ஒரு குழம்பு வைக்கவும், தம் மாத்திரைகளின் பெயரையும் வேளையையும் தாமே எழுதி வைத்துக்கொள்ளவும் பழகிவிட வேண்டும். பெண்கள் அதே போல் வங்கிப் புஸ்தகத்தையும், நில வரி ரசீதையும், மின்கட்டணத்தையும் தாமே கையாளப் பழக வேண்டும். தாம்பத்தியத்தில் வேலைப் பங்கீடு நல்லதுதான். முதுமையில் அதைக் கொஞ்சம் கலைத்துப் போடுவது அதைவிட நல்லது.

துக்கம் உடலையும் தாக்கும் என்பதை மருத்துவர்கள் இன்று மறுப்பதில்லை. பேரதிர்ச்சியால் இருதயத்தின் இடப்பகுதி திடீரென வீங்கித் தளர்ந்துபோகும் ஒரு நோயை 1990-இல் ஜப்பானிய வைத்தியர்கள் விவரித்தார்கள். மாதவிடாய் நின்ற பெண்களையே அது அதிகமாகப் பற்றுகிறது. மாரடைப்பைப் போலவே தோன்றும். உடனே சிகிச்சை செய்தால் பெரும்பாலோர் தேறிவிடுகிறார்கள். ஆகவே துக்க வீட்டில் நெஞ்சு வலிக்கிறதென்று ஒரு மூதாட்டி சொன்னால், மனக்கஷ்டம் என்று தள்ளிவிடாமல் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டும்.

எவ்வளவு நாள் அழுவது இயல்பு என்று பலர் கேட்கிறார்கள். அதற்குக் கணக்கு வைப்பது கடினம். வருஷத் திதியன்று அழுவது நோயன்று. ஐந்து வருஷம் கழித்து அவர் உட்கார்ந்த நாற்காலியைப் பார்த்துக் கண் கலங்குவதும் நோயன்று. ஆனால் ஆறு மாதமோ ஒரு வருஷமோ கடந்த பிறகும், அன்றாடக் காரியங்களைச் செய்ய முடியாதபடி ஏக்கம் தினந்தோறும் அழுத்துமானால், அதை நீடித்த துக்க நோய் என்றே இன்றைய மருத்துவ அகராதிகள் வகைப்படுத்துகின்றன. தூக்கம் கெட்டு, உடல் மெலிந்து, குளிப்பதையும் உடுத்துவதையும் கைவிட்டு, “நான் எதற்கு இருக்கிறேன்?” என்ற பேச்சு வரத்தொடங்கினால் காத்திருக்கக் கூடாது. கேரளத்துக் குடும்ப ஆரோக்கிய கேந்திரங்களில் ஆஸ்வாசம் என்ற பெயரில் மனச்சோர்வைக் கண்டறியும் ஏற்பாடு உண்டு. முதலில் அங்கேயே போகலாம். “வயசானால் அப்படித்தான்” என்ற வார்த்தையைப் போல முதியவர்களுக்குக் கெடுதல் செய்த வார்த்தை வேறில்லை.

காகித விவகாரங்களுக்கு வருவோம். மனநிம்மதியைப் பற்றிய அத்தியாயத்தில் இவை எதற்கு என்று எண்ண வேண்டாம். துணை இழந்தவரின் இரவுத் தூக்கத்தைக் கெடுப்பவை பாதி இவைதாம். இருவரும் உயிரோடிருக்கும்போதே வங்கிக் கணக்கை, இருவரில் எவர் மிஞ்சினாலும் எடுக்கக்கூடிய கூட்டுக் கணக்காக மாற்றுங்கள். நாமினி என்று பெயர் போட்டுவிட்டால் சொத்து அவருக்கே என்று பலர் நம்புகிறார்கள். நாமினி பணத்தை வாங்கி வைத்துக்கொள்ளும் பொறுப்பாளரே தவிர உரிமையாளர் அல்லர் என்பதை உச்ச நீதிமன்றம் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறது. உரிமை யாருக்கு என்பதை உயிலில் எழுதுங்கள். உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், பதிவும் கட்டாயமில்லை. எழுதியவரின் கையொப்பமும் இரண்டு சாட்சிகளும் போதும். உயில் இல்லாமல் இறந்த ஹிந்து ஆடவரின் சொந்தச் சம்பாத்தியத்தில், 1956-ஆம் வருஷத்து வாரிசுச் சட்டப்படி, மனைவிக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் பெண்ணுக்கும் இறந்தவரின் தாய்க்கும் சமபங்கு உண்டு.

மரணத்தை 21 நாளைக்குள் பஞ்சாயத்தில் பதிவு செய்து, சான்றிதழின் பிரதிகளைத் தாராளமாக வாங்கிக்கொள்ள வேண்டும். அதன்பின் ஒரு கண்டிப்பான விதி: முதல் வருஷத்தில் எந்த விடுதலைப் பத்திரத்திலும் கையெழுத்திடாதீர்கள். மலையாளத்தில் இதை ஒழிமுறி என்பார்கள். பதினாறாம் நாள் காரியத்துக்கு எல்லாரும் கூடியிருக்கும்போதே இதையும் முடித்துவிடலாம் என்று யாராவது சொன்னால், அதுவே நிறுத்திவைக்கப் போதுமான காரணம். வீட்டைப் பிள்ளைகள் பேரில் எழுதித்தான் ஆகவேண்டும் என்றால், தம்மை ஆயுள் முழுதும் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதுங்கள். 2007-இன் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவின்படி, அந்த நிபந்தனை மீறப்பட்டால் தீர்ப்பாயம் பத்திரத்தைச் செல்லாததாக்கலாம். நிபந்தனை இருந்ததைக் காட்ட வேண்டும் என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கூறியிருப்பதால், வாய்ப்பேச்சை நம்ப வேண்டாம். பராமரிக்காத பிள்ளைகளிடமிருந்து மாதம் 10,000 ரூபாய் வரையில் ஜீவனாம்சம் பெறவும் அதே சட்டத்தில் வழியுண்டு. கேரள அரசின் விதவைப் பென்ஷன் 2021 முதல் மாதம் 1,600 ரூபாயாக இருந்து, 2025 நவம்பரில் 2,000 ரூபாயாக உயர்ந்தது. தகுதியுள்ளவர்கள் உள்ளாட்சி அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம்.

இனி, பலரும் வாய்விட்டுக் கேட்கத் தயங்கும் கேள்வி: முதுமையில் மறுவிவாகம் தகுமா? தகும் என்பதே என் அபிப்பிராயம். விதவா விவாகத்துக்கு இந்நாட்டில் 1856-லேயே சட்டம் வந்தது; 1881-இல் ராஜமகேந்திரத்தில் வீரேசலிங்கம் பந்துலு முதல் விதவா விவாகத்தை நடத்திவைத்தார்; கேரளத்தில் 1934-இல் சீர்திருத்தவாதி வி.டி. பட்டதிரிப்பாடின் முயற்சியால் விதவையான உமா அந்தர்ஜனத்தை எம்.ஆர். பட்டதிரிப்பாடு மணந்தது நம்பூதிரி சமூகத்தையே உலுக்கிற்று. இவை யாவும் இளம் விதவைகளுக்காக நடந்த போராட்டங்கள். முதியவர்களின் தனிமைக்குப் பரிந்து பேசியவர் அன்று இல்லை, இன்றும் அதிகமில்லை. ஏழை விதவைகளின் மறுமணத்துக்கு உதவும் கேரளத்தின் மங்கல்யா திட்டமும் 50 வயதோடு நின்றுவிடுகிறது.

2019 டிசம்பரில் திருச்சூர் ராமவர்மபுரம் அரசு முதியோர் இல்லத்தில் ஒரு கலியாணம் நடந்தது. அறுபதைக் கடந்த மணமகள், சமையல் தொழில் நடத்திய தமிழ்ப் பிராமணர் ஒருவரின் விதவை. மணமகன் அந்தச் சமையற்காரருக்குப் பல வருஷம் உதவியாளாக இருந்தவர். எஜமானர் தம் காலத்துக்குப் பின் மனைவியைக் கவனித்துக்கொள்ளும்படி அவரிடம் சொல்லியிருந்தார். இல்லத்து முதியவர்கள் சுற்றி நிற்க, அமைச்சர் ஒருவர் முன்னிலையில் மாலை மாற்றிக்கொண்டார்கள். கேரளத்து முதியோர் இல்லத்தில் நடந்த முதல் திருமணம் அது என்று பத்திரிகைகள் எழுதின. தமிழர்களாகிய நாம் அந்தச் செய்தியைப் பெருமையோடு படிக்கலாம்.

இந்த எண்ணம் உள்ளவர்கள் உணர்ச்சியோடு கொஞ்சம் கணக்கும் பார்க்க வேண்டும். விவாகத்துக்கு மேல்வயது வரம்பு எந்தச் சட்டத்திலும் இல்லை. முன்னாள் துணைவரின் மரணச் சான்றிதழ் தேவை. 1954-இன் விசேஷ விவாகச் சட்டப்படி பதிவு செய்வதானால் 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். முதல் கணவரிடமிருந்து ஏற்கெனவே வாரிசாகப் பெற்ற சொத்து மறுமணத்தால் பறிபோகாது. ஆனால் விதவைப் பென்ஷன் நின்றுவிடும். மத்திய அரசுக் குடும்ப ஓய்வூதியமும், குழந்தையில்லாத விதவைக்கு வருமான வரம்புக்கு உட்பட்டுத் தொடர்வது நீங்கலாக, பொதுவாக நின்றுவிடும். பிள்ளைகளின் எதிர்ப்பைக் கிளறிப் பார்த்தால் அடியில் பெரும்பாலும் வீடும் நிலமுமே கிடக்கும். ஆகையால் மணத்துக்கு முன்பே, யாருக்கு எது என்பதைத் தெளிவாக உயில் எழுதி, புதுத் துணைக்கு ஆயுள் வரையில் குடியிருக்கும் உரிமையையும் அதில் சேர்த்துவிட்டால், கோபத்தில் முக்கால் பங்கு அடங்கிவிடும். மீதிக் கால் பங்கு, இறந்துபோன தாயின் அல்லது தந்தையின் இடத்தில் வேறொருவரைப் பார்க்கும் வேதனை, அது நியாயமானது, அதற்கு அவகாசம் கொடுங்கள்.

மணமே வேண்டாம், பேச்சுத்துணை போதும் என்பவர்களே அதிகம். அவர்களை யாரும் வற்புறுத்த வேண்டாம். கல்லாற்றுப் பாலத்தருகே தேநீர்க் கடை பெஞ்சில் நாளும் ஒரே நேரத்தில் சந்திக்கும் இரண்டு கிழவர்களின் சிநேகம், அவர்களுடைய இருதயத்துக்கு எந்த மாத்திரைக்கும் குறையாத நன்மையைச் செய்யும். ஒருவர் வராத நாளில் மற்றவர் வீடு தேடிப் போவார். தனித்து வாழும் முதியவருக்கு அதைவிடப் பெரிய பாதுகாப்பு ஏது?

இந்நூலைப் படிக்கும் பிள்ளைகளையும் பெண்களையும் நான் வேண்டிக்கொள்வது ஒன்றுண்டு. தனித்திருக்கும் தாயிடமோ தந்தையிடமோ அடுத்த முறை பேசும்போது, சாப்பிட்டீர்களா என்பதோடு நிறுத்திவிடாமல், உங்கள் குடும்பத்துக் காரியம் ஒன்றில் அவர்களுடைய யோசனையைக் கேளுங்கள். கேட்டபடி நடந்தும் காட்டுங்கள். மனம் தாங்காத வேளையில் முதியவர்கள் தாமே அழைத்துப் பேசுவதற்கு, 14416 என்ற டெலி மானஸ் எண்ணையும், முதியோருக்கான 14567 என்ற எண்ணையும் பெரிய எழுத்தில் எழுதித் தொலைபேசிக்கு அருகே ஒட்டி வையுங்கள். இரண்டுக்கும் கட்டணம் இல்லை.